படம் வெளியே போகும் வழி

என் தம்பி ஓவியன். பெரம்பூரில் ஒரு பழைய வீட்டின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான், அங்கேயேதான் வரைகிறான். சென்ற ஆண்டு கண்காட்சிக்காக ஆறடிக்கு எட்டடியில் ஒரு படம் போட்டான். ஆசாரி அறைக்குள்ளேயே வந்து சட்டம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு மாதம் கழித்துப் படம் முடிந்தபோதுதான், மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்பாது என்பது எங்களுக்கு உறைத்தது. சாய்த்துப் பார்த்தோம், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தோம். மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கலாமென்றால் குறுக்கே மின்கம்பி. கடைசியில் சட்டத்தில் அடித்திருந்த பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கேன்வாஸைக் கழற்றி, வண்ணம் வெளிப்புறம் இருக்கும்படி ஒரு தடித்த குழாயின் மேல் சுற்றினான். உள்புறமாகச் சுற்றினால் வண்ணம் நெரிந்து சுருக்கம் விழுந்துவிடுமாம். கூடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி சட்டத்தில் ஏற்றியபோது ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு முழுக்க அந்த வெடிப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

நான் பிரான்சின் தெற்குப் பக்கம் போகப்போகிறேன் என்று சொன்னதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, எக்ஸ் ஊருக்குப் போனா செசானோட ஸ்டூடியோவைப் பாரு. சுவத்துல ஒரு இடுக்கு விட்டிருப்பாராம். பெரிய படத்தை வெளிய எடுக்கறதுக்குன்னே விட்டது. அது நிஜமா இருக்கான்னு பார்த்துட்டு வந்து சொல்லு."

மார்செய்யிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் வந்துவிடுகிறது. அக்டோபர் நடுவில் போனேன். கூர் மிராபோ என்ற பெரிய சாலையின் இரு பக்கமும் நிற்கும் பிளேன் மரங்களில் இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. பட்டை உரிந்து அடிமரமெல்லாம் வெளிர் திட்டுகள். நடைபாதையில் சில அடிக்கு ஒன்றாக வெண்கல வில்லைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் செசான் பெயரின் முதல் எழுத்து. குனிந்த தலை நிமிராமல் அவற்றைப் பின்தொடர்ந்து போனாலே, அவர் பிறந்த தெரு, படித்த பள்ளி, அப்பா தொப்பி விற்ற கடை என்று ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம்.

இன்று இந்த ஊர் அவரை இப்படிக் கொண்டாடுகிறது. இருந்தபோது என்ன செய்தது என்பதைக் கிரானே அருங்காட்சியகத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் காலத்தில் அதன் பொறுப்பாளராக இருந்தவர் ஆன்ரி பொந்தியே. தான் உயிரோடு இருக்கும்வரை செசான் படம் ஒன்றுகூட இதற்குள் நுழையாது என்று சொன்னவர். சொன்னபடி நடந்தும் காட்டினார். நியூயார்க்கும் லண்டனும் மாஸ்கோவும் செசானை வாங்கிக்கொண்டிருந்த காலம் முழுக்கச் சொந்த ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றுகூட இல்லை. 1984-இல் அரசு தன் சேகரிப்பிலிருந்து எட்டுப் படங்களைக் கொடுத்துவைத்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. எட்டும் சிறிய படங்கள். அவற்றின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். ஊருக்காக வருத்தமாக இருந்தது.

அவருடைய தொடக்க வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பால் செசான் 1839-இல் இங்கே பிறந்தார். தொப்பி வியாபாரியாக இருந்து வங்கி நடத்தும் அளவுக்கு உயர்ந்த அப்பா, மகனைச் சட்டம் படிக்க வைத்தார். மகன் 1861-இல் பாரிசுக்கு ஓவியம் படிக்கப் போனார். அங்கே சலோன் என்ற அரசுக் கண்காட்சிக்கு ஆண்டு தவறாமல் படம் அனுப்புவார். ஆண்டு தவறாமல் அது திரும்பி வரும். 1882-இல் ஒரே ஒருமுறை ஏற்றுக்கொண்டார்கள். நடுவர் குழுவில் இருந்த நண்பர் ஒருவர், இவர் என் மாணவர் என்று சொல்லிச் சேர்த்துவிட்ட படம் அது. இம்ப்ரெஷனிஸ்டுகளுடன் சேர்ந்து வைத்த கண்காட்சிகளிலும் பார்வையாளர்கள் சிரித்தார்கள். 1877-க்குப் பிறகு அவர்களோடும் அவர் சேரவில்லை. அதன் பின் ஏறத்தாழ 18 ஆண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படங்களைத் தவிர, யார் கண்ணிலும் படாமல் வரைந்தார்.

அந்த ஆண்டுகளில் பாரிசில் அவருடைய படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ழூலியன் தான்கி என்பவரின் வண்ணக் கடைக்குத்தான் போகவேண்டும். பணம் இல்லாத ஓவியர்களுக்குக் கடனுக்கு வண்ணம் கொடுத்து, பதிலுக்குப் படத்தை வாங்கிவைத்துக்கொண்ட மனிதர். 1885-இல் செசான் அவருக்குத் தரவேண்டிய பாக்கி மட்டும் 4,000 ஃபிராங்குக்கு மேல். 1894-இல் தான்கி இறந்ததும் அந்த ஒரே கதவும் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை பூல்கோன் தெரு 23-ஆம் எண் வீட்டு வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினேன். கடைசி ஆண்டுகளில் செசான் குடியிருந்த வீடு அது. அப்பா வாங்கிய ஜா த பூஃபான் என்ற பெரிய பண்ணை வீட்டில்தான் அவர் நாற்பது ஆண்டு வரைந்தார். அம்மா 1897-இல் இறந்தார். சொத்தைப் பங்கு பிரிக்க 1899-இல் பண்ணை வீட்டை விற்கவேண்டி வந்தது. இந்தத் தெரு வீட்டின் பரணை ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். ஆனால் அவர் மனத்தில் இருந்த படங்கள் பரணுக்கு அடங்குபவை அல்ல. ஊருக்கு வடக்கே, லோவ் என்ற மேட்டில் 1901 நவம்பரில் ஒரு நிலம் வாங்கினார். 1902 செப்டம்பரில் ஸ்டூடியோ கட்டி முடிந்தது. அப்போது வயது 63. சர்க்கரை நோய் வேறு.

தேவாலயத்தைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. இப்போது அதற்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். கார்கள் உரசிக்கொண்டு போகின்றன. இரு பக்கமும் மதில் வைத்த வீடுகள். அரை மணி நடையில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் இந்த மேட்டை ஒவ்வொரு நாளும் விடியும் முன்னே ஏறினார். 1904-இல் அவரைத் தேடி வந்து ஒரு மாதம் தங்கிய எமில் பெர்னார் என்ற இளம் ஓவியர் அந்த நாள் ஒழுங்கை எழுதிவைத்திருக்கிறார். காலை ஆறு மணியிலிருந்து பத்தரைவரை ஸ்டூடியோ. இறங்கிப்போய் வீட்டில் சாப்பாடு. உடனே மறுபடி புறப்பட்டு, வெளியில் இயற்கைக் காட்சி எதையாவது வரைந்துகொண்டு மாலை ஐந்துவரை. திரும்பி வந்து சாப்பிட்டதும் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். என் தம்பியின் நாட்களும் கண்காட்சி நெருங்கும்போது இப்படித்தான் ஆகிவிடுகின்றன. இவருக்கு ஆண்டு முழுவதும் அப்படி.

ஸ்டூடியோ மாடியில் இருக்கிறது. மரப்படி ஏறி உள்ளே நுழைந்ததும் முதலில் கவனித்தது சுவரின் நிறம். நீலமும் பச்சையும் லேசாகக் கலந்த சாம்பல். சுவர் வெள்ளையாக இருந்தால் அதன் ஒளி பொருள்களின் மேல் பட்டு அவற்றின் நிறத்தை மாற்றிவிடும் என்பதற்காக அவரே தேர்ந்து பூசச்செய்த வண்ணம். வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர் இருந்தபோது வெளியே திறந்த வெளி. இப்போது தோட்டத்து மரங்கள் உயர்ந்து வளர்ந்துவிட்டதால் உள்ளே விழும் வெளிச்சத்தில் ஒரு பச்சைச் சாயல் இருக்கிறது. அலமாரியில் இஞ்சி ஊறவைக்கும் ஜாடி, ஆலிவ் ஜாடி, கை ஒடிந்த சுண்ணச் சிலை மன்மதன், மூன்று மண்டை ஓடுகள். ஆணியில் மாட்டிய மேலங்கி, தொப்பி. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் அவருடைய படங்களில் பார்த்த சாமான்கள் எல்லாம் இங்கே தூசியோடு, கையெட்டும் தூரத்தில் இருந்தன. அந்த ஜாடியைக் கண்டதும், ஊரில் அத்தை வீட்டு ஜாடியைக் கண்டதுபோல் எனக்குக் கண் கலங்கியது.

கண்ணாடிச் சுவரின் பக்கத்தில், மூலையில், அது இருந்தது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே எழும் ஒடுக்கமான திறப்பு. அதற்கு ஒரு கதவு. உள்ளே வரும் மனிதருக்கு உரியதல்ல அந்த அளவு. நிமிர்த்திப் பிடித்த படம் ஒன்று பக்கவாட்டில் நழுவிப் போவதற்கு உரியது. அதற்கு அந்தப் பக்கம் படி கிடையாது, வெறும் உயரம். கீழே நிற்பவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஸ்டூடியோவைக் கட்டிய ஆண்டுகளில் அவர் கையில் இருந்தவை, குளிக்கும் பெண்களை வரைந்த மூன்று மிகப் பெரிய ஓவியங்கள். இன்று ஃபிலடெல்ஃபியாவில் இரண்டும் லண்டனில் ஒன்றும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது ஏறத்தாழ 7 அடிக்கு 8 அடி. மாடிப்படி வளைந்து ஏறுகிறது. அதில் இந்தப் படம் திரும்பாது. ஆகவே கட்டும்போதே சுவரில் வழி விட்டார். அவர் இறந்தபோதும் அந்தப் பெரிய படம் முடியவில்லை. கேன்வாஸின் வெறும் வெண்மை இன்றும் அதில் அங்கங்கே தெரிகிறது. ஏழு ஆண்டு வரைந்தும் முடியாத படத்துக்கு, அது வெளியே போகும் வழியை முதலிலேயே யோசித்து வைத்திருந்தார். அந்த இடுக்கின் முன்னால் நின்றபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்காட்சியில் அக்கறை இல்லாத, ஊரை வெறுத்து ஒதுங்கிய கிழவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதை இனி என்னால் ஏற்க முடியாது.

அவர் தாமதித்ததெல்லாம் முடிப்பதில்தான். ஸ்டில் லைஃப் வரைய உட்கார்ந்தால் பழங்களை அடுக்குவதற்கே பெரும்பொழுது போய்விடும். பீச் பழத்தின் அடியில் காசுகளை முட்டுக்கொடுத்து, இந்தப் பக்கம் சற்று உயர்த்தி, அந்தப் பக்கம் சற்றுத் தாழ்த்தி, சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். அடுக்கி முடித்து வரையத் தொடங்கினாலும் பழம் அழுகும்வரை படம் முடியாது. பூக்கள் வாடிவிடுகின்றன என்று காகிதப் பூ வைத்தார், அதுவும் வெளுத்தது. பெர்னார் கீழ் அறையில் வரைந்துகொண்டிருக்கும்போது மேலே காலடி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். கிழவர் அறைக்குள் நடப்பார். தோட்டத்துக்கு இறங்கிப்போய் உட்காருவார். ஏதோ தோன்றிவிட்டதுபோல் அவசரமாக மறுபடி மாடி ஏறுவார். அந்த மாதம் முழுவதும் அவர் வரைந்தது இந்த மூன்று மண்டை ஓடுகளைத்தான். ஒவ்வொரு நாளும் படத்தின் நிறமும் வடிவமும் மாறின. எந்த நாளில் எடுத்திருந்தாலும் அது முடிந்த படமாகவே இருந்திருக்கும் என்கிறார் பெர்னார்.

வோலார் கதை இன்னும் அதிகம். அம்ப்ரோய்ஸ் வோலார் பாரிசில் லாஃபித் தெருவில் கடை வைத்திருந்த இளம் ஓவிய வியாபாரி. அவரை 1899-இல் செசான் வரைந்தார். பெட்டியின் மேல் நாற்காலியை வைத்து அதில் உட்காரச் சொன்னார். வோலார் தூங்கிப்போய் நாற்காலியோடு கீழே விழுந்தார். ஆப்பிள் அசையுமா என்று திட்டு. 115 முறை உட்கார்ந்த பிறகு செசான் படத்தைப் பாதியில் விட்டுவிட்டார். கையில் இரண்டு இடங்களில் வண்ணமே படவில்லை. பொருந்தாத ஒரு வண்ணத்தை அங்கே வைத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் மறுபடி தொடங்கவேண்டியிருக்கும் என்று விளக்கம் சொன்னாராம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெடிப்புக்கு ஏற்ற சாம்பல் நிறம் கிடைக்காமல் விடிய விடிய உட்கார்ந்திருந்த ஒருவனை நான் அருகிலிருந்து பார்த்தவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே வோலார்தான் 1895 நவம்பரில் செசானின் முதல் தனிக் கண்காட்சியை நடத்தினார். ஓவியருக்கு வயது 56. நேரில் ஆளைப் பிடிக்க முடியாமல் மகன் மூலம் சம்மதம் வாங்கினார். ஏறத்தாழ 150 படங்கள் வந்து சேர்ந்தன. எப்படி வந்தன? சட்டம் இடத்தை அடைக்கும் என்பதால் கழற்றி, சுருட்டி. இதைப் படித்தபோதுதான் தம்பி இந்த மனிதரோடு ஒரு உறவு கொண்டாடினான். அத்தனை படங்களையும் ஒன்றாக மாட்ட அந்தச் சின்னக் கடையில் இடம் இல்லை. மாற்றி மாற்றித்தான் மாட்டியிருக்க வேண்டும். கில்ட் பூசிய சட்டம் வாங்க வோலாரிடம் பணமும் இல்லை. மீட்டர் இரண்டு சூ விலையுள்ள வெள்ளை மரச் சட்டங்களை வாங்கி அடித்தார். ஒரு கண்காட்சிக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தக் கடைக்குள் எழுந்த சுத்தியல் ஓசை இன்றைக்கும் கேட்கும். சுருளை விரிப்பது, ஓரம் இழுப்பது, நான்கு மூலையும் செங்கோணமா என்று பார்ப்பது, ஆணி, மறுபடி இழுப்பது. நூற்றைம்பது முறை.

வழிப்போக்கர்கள் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்கள். ஆனால் ஓவியர்கள் வந்தார்கள். மோனே வாங்கினார். ஒரு நீர்வண்ணப் படத்துக்கு ரெனுவாரும் தேகாவும் போட்டியிட்டுச் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பிசாரோ தம் மகனுக்கு மகிழ்ந்து எழுதினார். இருபது ஆண்டாகத் தனியே இருந்து ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவருடைய பழைய நண்பர்களே அந்தச் சின்னக் கடைக்குள் நின்றுதான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தார்கள். வோலார் செசானை நேரில் சந்தித்தது அதற்கு அடுத்த ஆண்டு, இந்த எக்ஸ் ஊரில்.

ஸ்டூடியோவிலிருந்து இன்னும் மேலே, இருபது நிமிட ஏற்றத்தில், ஓவியர்களின் மனை என்று பெயர் வைத்த ஒரு மேட்டுத் தோட்டம் இருக்கிறது. மேல்படி ஏறியதும் சாந்த் விக்த்வார் மலை முழுசாக எதிரே வந்து நிற்கிறது. உயரம் 1,011 மீட்டர்தான். ஆனால் சமவெளியிலிருந்து தனியாக எழுந்திருப்பதால் கண்ணை வேறெங்கும் போகவிடுவதில்லை. சுண்ணாம்புப் பாறை. நான் போனபோது காலை பதினொன்று, மலை வெளுத்திருந்தது. ஒரு மேகம் கடந்ததும் ஊதாவாகி, மறுபடி வெளுத்தது. இந்த மலையை அவர் எண்ணெய் வண்ணத்தில் மட்டும் முப்பது முறைக்கு மேல் வரைந்தார். அவருடைய படங்களின் நகல்களை இங்கே பலகைகளில் பதித்து வைத்திருக்கிறார்கள். நான் அவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு மலையையே பார்த்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண்மணி சிறிய நோட்டில் நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று தாள் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிபெமுஸ் கல்குவாரிக்கும் போனேன். ஊரின் பழைய கட்டடங்களுக்கெல்லாம் கல் கொடுத்த இடம். ஆரஞ்சும் மஞ்சளுமான பாறைச் சுவர்கள், வெட்டி எடுத்த இடமெல்லாம் சதுரச் சதுரமாகப் பள்ளம், நடுவே பைன் மரங்கள். இங்கே ஒரு சிறு குடிலை வாடகைக்கு எடுத்துச் சாமான்களைப் போட்டுவைத்திருந்தார். கித்தானையும் வண்ணப் பெட்டியையும் தினம் தூக்கிக்கொண்டு அலையவேண்டாம் அல்லவா.

1904-இல் பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருக்கு ஓர் அறை முழுவதையும் ஒதுக்கினார்கள். பெயர் பரவியது, விலை ஏறியது, இளைஞர்கள் தேடி வந்தார்கள். நாள் ஒழுங்கு மட்டும் மாறவில்லை.

1906 அக்டோபர் 15. வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அவர் எழுந்திருக்கவில்லை. மணிக்கணக்கில் நனைந்து, வழியில் மயங்கி விழுந்தவரைச் சலவைக்காரர் வண்டியில் ஏற்றிப் பூல்கோன் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் தூக்கி மாடியில் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை எழுந்து மறுபடி மேடேறினார். தோட்டத்து லிண்டன் மரத்தடியில் தோட்டக்காரர் வாலியேயின் உருவப்படம் பாதியில் இருந்தது. அதில் வேலை செய்துவிட்டு, சாகும் நிலையில் திரும்பி வந்தார்.

அடுத்த ஆண்டு அதே இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருடைய 56 படங்களை வைத்தார்கள். கவிஞர் ரில்கே நாள்தோறும் அங்கே போய் நின்று, பார்த்ததையெல்லாம் மனைவிக்குக் கடிதமாக எழுதினார். அந்த அறைகளிலிருந்து வெளியே வந்த இளம் ஓவியர்கள் அதன் பின் வரைந்தது வேறு ஓவியம்.

கடைசி மாலை மறுபடி பூல்கோன் தெருவுக்கு வந்தேன். சாதாரணத் தெரு, கீழே கடைகள், மேலே ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. சென்னையில் நள்ளிரவு நெருங்கியிருக்கும், இருந்தாலும் தம்பி விழித்திருப்பான் என்று தெரியும். கூப்பிட்டேன்.

"இருக்குடா. நிஜமாவே இருக்கு."

"கதவு இருக்கா?"

"இருக்கு. வெளிய படி கிடையாது. கீழே ஆள் நின்னு வாங்கணும்."

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அடுத்த கண்காட்சிக்குப் படம் எத்தனை ஆகியிருக்கிறது என்று கேட்டேன். பதினாலு என்றான். இருபத்திரண்டு வேண்டும்.

நான் அவனுக்கு இந்த வீட்டிலிருந்து போன ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் செசானின் கடைசிக் கடிதம் அதுதான். மழையில் நனைந்த இரண்டாம் நாள், அக்டோபர் 17-ஆம் தேதி, வண்ணக் கடைக்காரர் ஒருவருக்கு எழுதியது. அதற்குப் பிறகு அவர் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. எட்டு நாளைக்கு முன்னால் ஏழாம் எண் லேக் சிவப்பில் பத்து ட்யூப் கேட்டிருந்தேன், இன்னும் பதிலே இல்லையே, என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

"பத்து ட்யூபா?" என்றான் தம்பி. "லேக் சிவப்பு அவ்வளவு செலவாகாதே அக்கா. பத்துன்னா ஒரு வருஷத்துக்கு வரும்."